கைபேசி என்றொரு வகை

டீக்கடைக்காரர் எங்கள் ஆபீஸ் மேடத்திடம் ஒரே ஒரு முறைதான் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு மேடம் அந்த ஆபீஸில் இருந்த வரைக்கும் அவர் கேட்கவில்லை. “இன்னைக்குச் சொல்லிடுறேன், இனிமே கேக்கக் கூடாது. எனக்குன்னா இஞ்சி உண்டு, சர்க்கரை பாதி, சின்ன கிளாஸ். மேல ஆடை மிதந்தா நான் வாங்க மாட்டேன், திருப்பி அனுப்பிடுவேன்” என்றார் மேடம். ஒரு நாள் ஆடையோடு வந்தது. சொன்ன மாதிரியே திருப்பி அனுப்பினார். மாடிப்படி ஏறி வந்த மனுஷர் மூச்சு வாங்க மறுபடி இறங்கிப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “எடுத்துப் போட்டுட்டுக் குடிச்சா குறைஞ்சா போயிடுவீங்க மேடம்?” என்று கேட்டேன்.

“இன்னைக்கு நான் எடுத்துப் போட்டுட்டுக் குடிச்சா, நாளைக்கும் ஆடையோடதான் வரும்ணே” என்றார். அவரோடு வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை.

பெரம்பலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. நான் அதற்கு முன்னால் ஒரு சிமென்ட் ஆலையில், ஆட்களின் வருகையைக் குறிக்கிற டைம் ஆபீஸில் இருந்தவன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்கே சேர்ந்தேன். ஊர் ஊராகப் போய் மென்பொருளைப் போட்டுக்கொடுத்து, கவுன்டரில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வருவது என் வேலை. மேடம் டேட்டாபேஸுக்குப் பொறுப்பு. கீழப்பழுவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். வயதில் என் மூத்த மகளை ஒத்தவர். ஆனாலும் அவர் எனக்கு மேடம், நான் அவருக்கு அண்ணன். இதென்ன உறவு என்று என் மனைவி கேலி செய்வாள்.

டேட்டாபேஸ் என்றால் தகவல்களை அட்டவணை அட்டவணையாகப் போட்டு வைக்கிற இடம் என்கிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். மிச்சத்தை அவர்தான் சொன்னார். “கம்ப்யூட்டருக்கு நம்பர் தெரியும், எழுத்து தெரியும், தேதி தெரியும். அதோட அறிவு அவ்வளவுதாண்ணே. ஃபோன் நம்பர்னா என்ன, பச்சப்புள்ளையோட எடைன்னா என்னன்னு அதுக்கு என்ன தெரியும்? நாமதான் சொல்லி வைக்கணும். ஒரு தடவை, ஒரு இடத்துல சொல்லி வைக்கணும்.”

அப்படித்தான் அவர் ‘கைபேசி’ என்று புதிதாக ஒரு வகையை உண்டாக்கினார். பத்து இலக்கம் இருக்க வேண்டும். முதல் இலக்கம் ஆறுக்குக் குறையக் கூடாது. காலியாக விடக் கூடாது. இந்த விதிகளை எல்லாம் அந்த வகையோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அப்புறம் நோயாளிகள் அட்டவணையோ, பிரசவ அட்டவணையோ, பரிசோதனை முடிவுகளோ, எங்கெல்லாம் ஃபோன் எண் வருகிறதோ அங்கெல்லாம் ‘கைபேசி’ என்று எழுதினால் போதும். விதிகள் தாமாகக் கூட வந்துவிடும். அதற்கு ஒத்து வராத எண்ணை யார் அடித்தாலும் டேட்டாபேஸ் வாங்கிக்கொள்ளாது, திரையில் சிவப்பாகக் காட்டும். வயதுக்கு ஒரு வகை, ரத்தப் பிரிவுக்கு ஒரு வகை, பிறந்த குழந்தையின் எடைக்கு ஒரு வகை என்று வரிசையாக வைத்திருந்தார்.

அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பையன் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக விதி எழுதியிருந்தான். ஒரு திரையில் வயது நூறு வரை போகும், இன்னொன்றில் நூற்றிருபது. மருந்தகத் திரையில் கேட்பார் இல்லை. அங்கே இருநூற்றுப் பத்து வயதில் ஒரு பெரியவர் இருமல் மருந்து வாங்கிப் போயிருந்தார். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. “அந்தாளுக்கு நெசமாவே என்ன வயசு? அதைப் பாத்துத்தானே மருந்தோட அளவு?” என்று கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அவருடைய கண்டிப்பு வீண்போனதில்லை. அரியலூரில் ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் எடையை இரண்டு புள்ளி எட்டு என்று அடிப்பதற்குப் பதிலாக ஒரு நர்ஸ் புள்ளியை விட்டுவிட்டு இருபத்தெட்டு என்று அடித்துவிட்டார். திரை சிவந்து நின்றது. அந்த எடையை வைத்துத்தான் ஊசி மருந்தின் அளவைக் கணக்குப் போடுவார்கள். பெரிய டாக்டரே ஃபோன் செய்து நன்றி சொன்னார். இவர் “சரிங்க சார்” என்று வைத்துவிட்டார். ஆனால் அன்று முழுக்க முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. யாரும் கேட்காமலேயே எங்கள் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது திருச்சிக்கே வந்துவிட்டார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் நர்ஸிடம் போய், கையில் கட்டியிருக்கிற பட்டையையும் ரத்தப் பையையும் கேஸ் ஷீட்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த பிறகுதான் ஸ்ட்ரெச்சரைத் தள்ள விட்டார். நர்ஸ் முறைத்தார். என் மனைவி ஊசி போட்ட மயக்கத்திலும் “யாருங்க இந்தப் புள்ளை, நல்லா இருக்கணும்” என்றாள். கூடப் பிறந்த தங்கை இருந்தால்கூட எனக்கு இப்படிச் செய்திருக்க மாட்டாள்.

ஆனால் கவுன்டர் பிள்ளைகளுக்கு அவர் என்றால் குலைநடுக்கம். தொடக்கத்தில் யாராவது ஃபோன் செய்து “மேடம், இது உள்ள போவ மாட்டேங்குது” என்பார்கள். “போவலைன்னா நீங்க தப்பா அடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். சரியா அடிச்சா போவும்” என்று வைத்துவிடுவார். இரண்டாவது முறை அதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு விழும் திட்டை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். கொஞ்ச நாளில் அந்த மாதிரி ஃபோன்கள் வருவது அடியோடு நின்றுபோயிற்று. “பாத்தீங்களாண்ணே, பழகிட்டாங்க” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், மற்றவர்கள் ஃபோனைப் பார்க்கிற நேரத்தில், அவர் சும்மா டேட்டாபேஸை அலசிக்கொண்டிருப்பார். எந்தப் பெயர் அதிகம், எந்த ஊரிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள் என்று எதையாவது தேடுவார். அன்றைக்கு ஒரே ஃபோன் எண் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தேடியிருக்கிறார். ஒரு வீட்டுக்கு ஒரு ஃபோன் என்றால் நாலைந்து பேருக்கு இருக்கலாம். பெரம்பலூர் மருத்துவமனை ஒன்றில் ஒரே எண் திரை முழுக்க வந்து, கீழே உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. பத்து இலக்கமும் ஒன்பது.

“பாருங்கண்ணே இந்த அநியாயத்த! சோம்பேறிங்க. கேட்டு அடிக்கிறதுக்கு வலிக்குது” என்று எழுந்தார். டிபன் பாக்ஸைக்கூட மூடவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

அந்த மருத்துவமனைக் கவுன்டரில் இருந்த பெண் சின்னப் பெண்தான், கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கும். இவரைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டாள். இவர் திரையைக் காட்டி, இது யாருடைய எண் என்று கேட்டார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அழுவாத. பதில் சொல்லு. கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்களா?”

“சொல்றாங்க மேடம். லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து நெறைய பேரு பிரசவத்துக்கு வர்றாங்க. துபாய், சவுதியிலேர்ந்து நேரா அம்மா வூட்டுக்கு வந்துடுறாங்க. அவங்க கையில அந்த ஊரு நம்பர்தான் இருக்கு. அதை அடிச்சா செவப்பா வருது. காலியா விட்டாலும் செவப்பு. பின்னால கூட்டம் நிக்குது, வலியெடுத்தவங்க நிக்கிறாங்க. எதையாச்சும் போட்டாத்தான் அட்மிஷன் சீட்டு வரும்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

திட்டு விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். விழவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த எண் உள்ளவர்களின் பட்டியலையும், பரிசோதனைக் கூடத்திலிருந்து ‘உடனே அழைக்கவும்’ என்று குறித்து வந்த முடிவுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள். முடிவு சில நாள் கழித்து வரும். அதற்குள் தாய் வீட்டுக்குப் போயிருப்பாள். ஏதாவது குறை இருந்தால் மென்பொருளே அந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பிவிடும், ‘அனுப்பப்பட்டது’ என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். அனுப்பியாயிற்று என்றால் யார் திரும்பப் பார்க்கப்போகிறார்கள்?

ஒரே ஒரு பெயர் வந்தது. ஆண் குழந்தை. தைராய்டு சுரப்பு மிகக் குறைவு. முடிவு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

குழந்தை டாக்டரிடம் ஓடினோம். அவர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “முதல் ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிருந்தா ஒண்ணுமே இல்லை. லேட்டாக லேட்டாக மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க, இன்னைக்கே” என்றார். முகவரியில் லப்பைக்குடிக்காடு என்று ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை.

என் ஸ்கூட்டரில்தான் போனோம். குன்னம் என்ற ஊரைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. “வெளிநாட்டு நம்பர்னு ஒண்ணு இருக்கிறது எனக்குத் தெரியாதாண்ணே? எங்க மாமா பையனே கத்தார்லதான் இருக்கான். அவனோட வாரா வாரம் பேசுறேன்” என்றார் பின்னாலிருந்து. நான் வண்டியை இன்னும் கொஞ்சம் வேகமாக விட்டேன்.

ஊருக்குள் போய் ஒரு துணிக்கடையில் கேட்டோம். துபாயிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண் என்றதும் கடைக்காரர் சிரித்துவிட்டார். “இங்க எந்த வூட்டுலங்க துபாய் இல்ல? பேரைச் சொல்லுங்க.” சொன்னோம். அந்தப் பெயரில் அவருக்கே ஆறேழு பேர் தெரிந்திருந்தது. பள்ளிவாசலில் சொல்லி மைக்கில் கேட்கச் சொல்லலாமா என்றேன். “புள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு ஊரு முழுக்கக் கேக்கணுமாண்ணே? அந்த அம்மாவுக்கு நாம சொல்றதுக்கு முன்னாடி அடுத்த வூட்டுக்காரங்க சொல்லிடுவாங்க” என்று மேடம் மறுத்துவிட்டார். கேட்ட இடத்திலெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். கடைசியில் ஒரு மருந்துக்கடைக்காரர், குழந்தைக்கு மலச்சிக்கல் என்று அடிக்கடி வந்து மருந்து கேட்கிற வீடு ஒன்று இருக்கிறதே என்று வழி காட்டினார்.

நல்ல வீடு. வாசலில் டைல்ஸ் பளபளத்தது. நாங்கள் தேடி வந்த தாயே கதவைத் திறந்தாள். இருபத்துமூன்று, நான்கு வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரி என்றதும் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். ரஸ்னா கலக்கிக் கொண்டுவந்தாள். புள்ளை எப்படி இருக்கு என்று இவர் கேட்டார்.

“அல்ஹம்துலில்லாஹ், ரொம்ப நல்ல புள்ளைக்கா. தொந்தரவே கிடையாது. அழவே அழாது. நாமளா எழுப்பினாத்தான் பாலுக்கே எழும்பும். இப்படி ஒரு புள்ளை யாருக்குக் கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க” என்றாள் பெருமையாக. தொட்டிலில் அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தோல் உலர்ந்து, முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. நானும் மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவன். சாயங்கால நேரத்தில், விளக்கு போட்டு, பக்கத்திலேயே மூன்று பேர் பேசுகிறபோது எந்தக் குழந்தையும் அப்படித் தூங்காது. 

இவர் ரஸ்னா டம்ளரைக் கீழே வைத்தார். ரிப்போர்ட் விஷயத்தை மெதுவாக, சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே சுண்டிப்போயிற்று.

“ஃபோன்ல தகவல் வரும்னு சொன்னாங்களே? தகவல் வரலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்னு சொன்னாங்களே? நான் நம்பர் சரியாத்தானேக்கா குடுத்தேன்? ரெண்டு தடவை சொன்னேனே!”

“நீங்க சரியாத்தாம்மா சொன்னீங்க. நான்தான் அதை உள்ள விடல.”

அவளுக்கு அது புரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டும் இல்லை, குழந்தையைத் தொட்டிலிலிருந்து வாரி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ பிடித்து மூவரையும் ஏற்றிவிட்டேன், தாய், பிள்ளை, மேடம். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன்.

அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். பொடி செய்து தாய்ப்பாலில் கரைத்து, நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். எவ்வளவு பாதிப்பு என்று இவர் டாக்டரிடம் கேட்டார். “இப்ப சொல்ல முடியாதும்மா. நடக்கிறது, பேசுறது எல்லாம் வர்றப்பத்தான் தெரியும். நல்லதே நடக்கும்னு வெச்சுக்குவோம்” என்றார் டாக்டர். அந்த மாதிரிப் பதிலை இவர் யாரிடமும் ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஏற்றுக்கொண்டு வெளியே வந்தார்.

ஆபீஸுக்கு வந்ததும் நேராக உட்கார்ந்து ‘கைபேசி’யைத் திறந்தார். நாட்டின் எண்ணைச் சேர்த்து எழுத இடம் கொடுத்தார். ஃபோனே இல்லாதவர்களுக்கு இல்லை என்று குறிக்கவும், அவர்களை எங்கே தேட வேண்டும் என்று எழுதவும் வழி செய்தார். ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா அட்டவணைகளிலும் மாறிவிடும் என்பார் அல்லவா, அப்படியே எல்லா மருத்துவமனைகளிலும் மாறியது. நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. “இவ்வளவுதாண்ணே வேலை” என்றார். அப்புறம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. மத்தியானம் அவர் மூடாமல் போன டிபன் பாக்ஸை எடுத்து மூடி வைத்தேன்.

மருத்துவமனையில் அந்தக் கவுன்டர் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார்கள். இவர் போய் மேனேஜர் முன்னால் நின்று, “விதி என்னோடது. அது பொய்யைத்தான் கேட்டுச்சு, இந்தப் பொண்ணு குடுத்துச்சு” என்று சொல்லித் தடுத்தார். எங்கள் முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் இழுபறியாக இருந்தது, பிறகு மேடமே கோயம்புத்தூரில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது எங்களிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. டீக்கடைக்காரர்தான் ரொம்ப நாள் விசாரித்தார்.

போன மாதம் அந்த மருத்துவமனைக்கு வேலையாகப் போயிருந்தேன். குழந்தை டாக்டர் அறைக்கு வெளியே அந்த லப்பைக்குடிக்காட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு எழுந்தாள். பையன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடை வந்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக வந்தது என்றாள். ரெண்டு வயது முடியப்போகிறது. பேச்சு எப்படி என்று கேட்டேன்.

“ஃபோன்ல, துபாய்ல இருக்கிற அவங்க அத்தாவைப் பாத்தா ‘அத்தா’ங்கிறான். ‘தா’ம்பான். அவ்வளவுதாங்க. பக்கத்து வூட்டுப் புள்ளை இவனுக்கு இளையது, அது பாட்டே பாடுது. டாக்டர் இன்னும் பாப்போம்னுதான் சொல்றாரு” என்றவள், “அந்த அக்கா மாசா மாசம் ஃபோன் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, இப்ப நான்தான் எடுக்கிறதில்ல. எடுத்தா என்னத்தச் சொல்றது?” என்றாள்.

மனசு கேட்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று மேடத்துக்கு ஃபோன் போட்டேன். பையனைப் பார்த்தேன் என்றதும் அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“நடக்கிறானா?”

“நல்லா நடக்கிறான் மேடம்.”

“பேசுறானாண்ணே? எத்தனை வார்த்தை?”

“பேசுறான், ஒண்ணு ரெண்டு. புள்ளைக்குப் புள்ளை மாறும்னு டாக்டர் சொல்றாரு.”

“மாறும்னா? அப்படிச் சொல்லாதீங்கண்ணே. ரெண்டு வயசுக்குக் குறைஞ்சது இவ்வளவுன்னு ஒண்ணு இருக்கும்ல. அதுக்குக் கீழ போவலைல்ல?”

நான் எத்தனை வார்த்தை என்று சரியாகச் சொல்லவில்லை. அவர் எண்ணிக்கையை மறுபடி கேட்கவும் இல்லை. திரும்பித் திரும்பி அதே கேள்விதான், “கீழ போவலைல்ல? சொல்லுங்கண்ணே, போவலைல்ல?” குரல் உடைந்துகொண்டே வந்தது. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதிலைத்தான் அவரால் வாங்கிக்கொள்ள முடியும்.

“போவல மேடம்” என்றேன்.